தாம்பத்திய நெருக்கத்துக்கு அறிதுயில் உதவுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 31, கணவருக்கு 36. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கணவருக்குத் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்த் திரும்பும் வேலை. ஓராண்டாகத் தாம்பத்திய உறவு ‘பரீட்சை எழுதுவது போல’ ஆகிவிட்டது என்கிறார். இரண்டு மூன்று முறை கணவருக்கு விறைப்பு பாதியிலேயே தளர்ந்துவிட, அதன்பின் அவர் அருகில் வருவதையே தள்ளிப்போடுகிறார்; இவருக்கோ பிரசவத்துக்குப் பின் முதல் முறை வலித்ததிலிருந்து, கணவரின் கை பட்டாலே தொடை தானாக இறுகிக்கொள்கிறது. அக்கம்பக்கத்து ஊரில் ஒருவர் ஹிப்னாடிசத்தால் மூன்றே அமர்வில் ‘ஆசையை வரவழைத்து’ விடுவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறாராம். அவரிடம் போகலாமா, அல்லது ஒலிப்பதிவு எதையாவது கேட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று அமர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். தமிழில் அறிதுயில் என்று சொல்லப்படும் ஹிப்னாடிசமும், உடலைத் தளர்த்தும் பயிற்சிகளும் உங்கள் இருவருக்கும் உதவக் கூடியவை; வேலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளவியல் ஆலோசனை அளித்துவரும் எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் மனத்தில் ஆசையை வெளியிலிருந்து ஊற்ற எவராலும் இயலாது. இருக்கிற ஆசையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அச்சத்தைக் கீழே இறக்கிவைக்க இயலும். அறிதுயிலின் வேலை அவ்வளவுதான், அதுவும் இருவரும் மனமுவந்து இறங்கினால், உடல்நோய் எதுவும் காரணமாக ஒளிந்திருக்காவிட்டால்.

உங்கள் கணவருக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். தூக்கம் வருவதைப் போல, வாயில் எச்சில் ஊறுவதைப் போல, விறைப்பும் தானாக நிகழ வேண்டிய ஒன்று. முயன்று வரவழைக்க முடியாது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும், ஓய்வுக்கு உரிய நரம்புகள் தூண்டப்படும்போது ஆணுறுப்பின் உள்தசைகள் தளர்ந்து, அங்கே ரத்தம் நிறைகிறது. உடல் ஆபத்தை உணர்ந்தாலோ அட்ரினலின் சுரந்து அதே தசைகளையும் ரத்தக்குழாய்களையும் சுருக்கிவிடுகிறது. துரத்தும் நாய்க்கும் ‘இன்றும் தவறிவிடுமோ’ என்ற எண்ணத்துக்கும் உடலுக்கு வேறுபாடு தெரியாது. ஒருமுறை களைப்பினால் தவறியது, மறுமுறை அதைப் பற்றிய பயத்தினால் தவறுகிறது, மூன்றாம் முறை பயத்தைப் பற்றிய பயத்தினால். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஆய்வு செய்த வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூலில் இந்த நிலையை விரிவாக விளக்கினார்கள்: உறவில் ஈடுபட வேண்டியவர் அதைவிட்டு, தம்மையே ஓரமாக நின்று பார்க்கும் பார்வையாளராகிவிடுகிறார். உங்கள் ‘பரீட்சை’ என்ற சொல் இதற்கு இன்னும் பொருத்தம் என்பேன். ஏனெனில் அந்தப் பார்வையாளர் சும்மா பார்ப்பதில்லை, மதிப்பெண் போடுகிறார்.

உங்கள் உடல் செய்வதும் வேறல்ல. கண்ணை நோக்கித் தூசி பறந்து வந்தால் இமை மூடிக்கொள்கிறது. இமையிடம் நியாயம் பேசிப் பயனில்லை. ஒருமுறை வலித்த இடத்தை அடுத்த முறை காப்பாற்ற, தொடையின் உட்புறத் தசைகளும் இடுப்புக் குழியின் அடித்தளத் தசைகளும் உங்களைக் கேளாமலே இறுகுகின்றன. இறுகிய தசையின் மீது முயன்றால் மீண்டும் வலிக்கிறது. வலித்ததால் உடல் ‘நான் காத்தது சரிதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறது. இதற்கு இடையில் நடக்கும் இன்னொன்றுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மனைவியின் உடல் இறுகுவதைக் கணவர் ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று படிக்கிறார். கணவர் விலகிப் படுப்பதை மனைவி ‘என் மேல் ஆசை போய்விட்டது’ என்று படிக்கிறார். இருவரும் அச்சத்தில் இருக்கிறார்கள். இருவரும் அதை வெறுப்பு என்று தப்பாகப் பெயர்த்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் மனத்துக்குப் போவதற்கு முன் உடலைப் பார்த்தாக வேண்டும். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் நான் இதில் தவறியிருக்கிறேன். தோல் தொழிலில் இருந்த ஒருவருக்கு நான்கு வாரம் தளர்வுப் பயிற்சியும் அறிதுயிலும் அளித்தேன், அவரும் சிரத்தையாகச் செய்தார், முன்னேற்றம் இல்லை. ஐந்தாம் வாரம் அவர் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதைக் கவனித்துத்தான் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். அவருக்கு அது நாள்பட்டே இருந்திருக்கிறது. டயரில் காற்றில்லாத வண்டியின் ஓட்டுநருக்கு நான் ஒரு மாதம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இன்றும் மறக்கவில்லை. ஆணுறுப்பின் தமனிகள் இதயத்தின் தமனிகளைவிடக் குறுகியவை. ஆகவே ரத்தக்குழாய் நோய் இதயத்தில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இங்கே தெரிந்துவிடுவது உண்டு. எனவே உங்கள் கணவர் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆசையே குறைந்திருந்தால் காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையும் தேவைப்படலாம். ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா, மது, புகையிலைப் பழக்கம் உண்டா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். அதிகாலையில் விழிக்கும்போது விறைப்பு வழக்கம்போல இருக்கிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, தடை வேறிடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். நீங்கள் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் தையல் போட்ட இடத்தைக் காட்டுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உறுப்பு வறண்டிருந்ததால் தொடங்கிய வலி, காரணம் மறைந்த பின்னும் பழக்கமாக நீடிப்பதுண்டு. தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள்.

களைப்பைப் பற்றியும் ஒரு சொல். குடியாத்தத்திலிருந்து சென்னைக்கு ஒரு வழியே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இருட்டில் எழுந்து போய் இருட்டில் திரும்பும் மனிதருக்கு இரவு பத்தரை மணிக்கு மேல் உடல் ஒத்துழைக்கவில்லை என்றால் அது நோயன்று, கணக்கு.

இனி அறிதுயிலுக்கு வருவோம். வேலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க நான் பள்ளிகொண்டாவைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அங்கே பாலாற்றங்கரையில் சயனித்திருக்கும் ரங்கநாதர் துயில்கிறார், ஆனால் எல்லாவற்றையும் அறிந்தபடி துயில்கிறார் என்பது வைணவ நம்பிக்கை. அந்த நிலைக்கு நம் பழந்தமிழ் கொடுத்த பெயரே அறிதுயில். ஹிப்னாடிசத்துக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைத்திருக்காது. அது உறக்கமன்று, மயக்கமும் அன்று. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியிருப்பவை பின்னுக்குப் போகும் நிலை. உங்கள் ஊரில் தறிக் குழியில் உட்கார்ந்து கைலி நெய்யும் ஒருவரை வாசலில் நின்று அழைத்துப் பாருங்கள். கையும் காலும் நாடாவோடு போய்க்கொண்டிருக்க, மூன்றாவது முறை அழைத்த பிறகுதான் தலை நிமிரும். அவர் தூங்கவில்லை, உங்கள் குரல் காதில் விழாமலும் இல்லை. அது அவருக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. ‘தீ!’ என்று கத்தினால் உடனே எழுவார். அறிதுயிலில் இருப்பவரும் அப்படித்தான். தமக்கு ஒவ்வாத யோசனையை ஏற்க மறுப்பார், வேண்டுமானால் கண்ணைத் திறந்து எழுந்து போவார். எல்லோருக்கும் இது ஒரே அளவில் வாய்ப்பதும் இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிக ஆழமாகப் போவார், அதே அளவினருக்கு ஒன்றுமே ஆகாது, மற்றவர்கள் இடையில் இருப்பார்கள். இதை அளப்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959ஆம் ஆண்டிலேயே ஓர் அளவுகோல் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் மூன்றே அமர்வு என்று ஒருவர் சொல்வதை நான் நம்பாததற்கு இதுவும் காரணம்.

‘வசியம்’ என்ற சொல் இதோடு ஒட்டிக்கொண்டதால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவர் தம் உடலிலிருந்து ஒரு காந்த ஆற்றல் நோயாளிக்குப் பாய்வதாகச் சொல்லிக்கொண்டார். 1784இல் அரசர் அமைத்த குழு, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அதில் ஒருவர், சோதித்துப் பார்த்து, காந்தம் ஏதுமில்லை, நடப்பதெல்லாம் நோயாளியின் கற்பனையால் என்று எழுதியது. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813இல் அதே பாரிஸில் செய்துகாட்டி, துயிலச் செய்பவரிடமிருந்து எதுவும் வருவதில்லை, எல்லாம் துயில்பவருக்குள்ளிருந்தே வருகிறது என்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதில் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை.

இங்கே ஓர் உபகதை. நம் ஊரில் மிக வெற்றிகரமாக நடந்த கூட்டு அறிதுயில் எது என்று கேட்டால், லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்கள் என்பேன். மாதத்தில் இன்ன தேதி வேலூர், இன்ன தேதி திருப்பத்தூர் என்று பத்திரிகையிலும் சுவரிலும் அச்சடித்து, ‘இளமையில் செய்த தவறு’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மூன்று தலைமுறைக்கு ஓதியிருக்கிறார்கள். சுயஇன்பத்தால் நரம்பு தளர்வதும் இல்லை, விந்து வெளியேறுவதால் ஆண்மை குறைவதும் இல்லை. ஆயினும் அந்தக் கவலையோடு வருவோர் இங்கே அத்தனை பேர் என்பதால், மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் அதற்குத் தாது நோய்க்குறி என்றே தனிப்பெயர் சூட்ட வேண்டியிருந்தது. என்னிடம் வரும் ஆண்கள் பலருக்கு நான் செய்வது புதிதாக ஓர் அறிதுயிலை அளிப்பதைவிட, பதினைந்து வயதில் பேருந்து நிலையச் சுவரில் படித்ததிலிருந்து அவர்களை எழுப்பிவிடுவதுதான். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கோ மாய முறைக்கோ விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறிதுயில் சிகிச்சை எப்படி இருக்கும் என்று நீங்கள் நேரில் பார்த்ததில்லை என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு ராணுவத்தில் பணியாற்றுவோர் உள்ள ஊர்கள் நம் பக்கம் உண்டு. அப்படி ஓர் ஊரைச் சேர்ந்த படைவீரர் விடுப்பில் வந்திருந்தார். விடுப்பின் ஒவ்வொரு நாளும் குறைவதை எண்ணிக்கொண்டே இருந்ததால், வந்த முதல் வாரமே எல்லாம் சரியாக நடந்துவிட வேண்டும் என்ற அவசரம். அதனாலேயே ஒன்றும் நடக்கவில்லை. என் அறையில் நாற்காலியில் சாய்ந்தார். ‘தளர்வாக இருங்கள்’ என்றதும் இன்னும் விறைப்பாக நிமிர்ந்தார். தாடை கடித்திருந்தது, கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தன. நான் அந்தச் சொல்லைக் கைவிட்டு, அவசரமே இல்லாத ஓர் இடத்தை நினைவுகூரச் சொன்னேன். சற்று யோசித்து, சிறுவயதில் சித்திரை மாதத்தில் ஆயாவோடு பாலாற்றில் ஊற்று பறித்ததைச் சொன்னார். பிறகு நான் பேசியது ஏறத்தாழ இதுதான்:

“மணல் மேல சூடு. கையால பறிக்கப் பறிக்க உள்ள ஜில்லுனு வருது. முழங்கை ஆழத்துக்கு ஈரம் தெரியுது. இப்ப கைய வெளிய எடுத்துடுங்க. இனிமே நீங்க செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல. குந்திக்கினு பாத்துக்கினே இருங்க. மொதல்ல வர்றது கலங்கல். அதை அள்ள வேணாம். அது தானா தெளியும். தண்ணி எங்க இருந்து வருதுன்னு தேடவும் வேணாம். அது அங்கதான் கீது. ஊறட்டும்.”

இடையிடையே நீண்ட மௌனம். மூன்றாவது மௌனத்தில் அவருடைய கட்டைவிரல்கள் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் கீழுதடு தொங்கி, மூச்சு வயிற்றுக்கு இறங்கியது. இருபது நிமிடம் கழித்துக் கண் திறந்தவர், “ஆயா திட்டும் சார், கலக்காதடா, உக்காந்து பாருன்னு” என்று சொல்லிச் சிரித்தார். அந்த அமர்வில் தாம்பத்தியம் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. இத்தகைய படிமம் அவரவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். கடற்கரை அலைகளையும் பைன் மரங்களையும் வர்ணிக்கும் ஆயத்த ஒலிப்பதிவு, கடலை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு என்ன செய்யும்?

ஒலிப்பதிவு கூடாது என்று சொல்லவில்லை. உங்களுக்குப் புரியும் தமிழில், மெதுவாக, உடலின் ஒவ்வொரு பகுதியாக அழைத்துச் செல்லும் பதிவு தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நல்லது. யோக நித்திரை என்ற பெயரில் வருபவற்றில் நல்லவை உண்டு. ‘நீ ஒரு காந்தம், உன்னை எவராலும் மறுக்க முடியாது’ என்று பின்னணி இசையோடு முழங்குபவற்றைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எதையும் வண்டி ஓட்டும்போது கேட்கக் கூடாது.

அறிதுயிலின் தகுதியையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வலி, குடல் எரிச்சல் நோய், மாதவிடாய் நிற்கும் காலத்து உடற்சூடு ஆகியவற்றில் அதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பாலுறவுச் சிக்கல்களில் இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. அங்கே உறுதியான அடித்தளம் தம்பதியர் சேர்ந்து செய்யும் பாலுறவுச் சிகிச்சைக்கும், எண்ணங்களைத் திருத்தும் உளச்சிகிச்சைக்கும், உங்களைப் போன்றோருக்கு இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிக்கும் உண்டு. அறிதுயில் இவற்றோடு சேர்ந்து நடக்கும் துணை; தனியே விட்டால் தூரம் போகாது.

வீட்டில் நீங்கள் தொடங்கக் கூடியது தசைத் தளர்வு. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது. அவர் கண்டது எளிய உண்மை: இறுகியிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை, ஆகவே வேண்டுமென்றே இறுக்கிப் பார்த்துப் பிறகு விட்டால்தான் விடுவது எப்படி என்று தெரியும். முதல் இரண்டு வாரம் இருவரும் தனித்தனியே செய்யுங்கள், சேர்ந்து வேண்டாம். கையை முட்டிபிடித்து ஐந்தாறு நொடி இறுக்கி, பிறகு விட்டு, அரை நிமிடம் அந்த வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். இப்படியே புஜம், நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால். மூச்சு நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. உங்கள் கணவருக்கு ரயிலிலேயே இதற்கு நேரம் உண்டு. உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பயிற்சி செய்யும்படி பலருக்குச் சொல்லப்படுகிறது. தசை தளர்ந்து சிறுநீர் கசிபவர்களுக்கு அது சரி. உங்கள் தசை ஏற்கெனவே இறுகியிருக்கிறது. நீங்கள் பழக வேண்டியது விடுவதை. மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலெழ, அடித்தளம் கீழே இறங்குவதை உணர்வது உங்களுக்கான பயிற்சி. ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் இதை இரண்டு சந்திப்பில் கற்றுத்தருவார்.

அது கைவந்த பின், அதே நாற்காலியில் அகல் விளக்கையோ சுவரில் ஒரு புள்ளியையோ பார்த்தபடி, இமை கனத்ததும் மூடி, பத்திலிருந்து ஒன்று வரை எண்ணியபடி இறங்குங்கள். அப்போது உங்களுக்கு நீங்களே சொல்லும் சொல் முக்கியம். ‘நான் பயப்படக் கூடாது’ என்பதில் பயம் என்ற சொல்தான் காதில் விழும். ‘என் தோள் கனக்கிறது, தொடை பாயில் ஊன்றியிருக்கிறது, மூச்சு தானாக வருகிறது’ என்று நடப்பதைச் சொல்லுங்கள். முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் கண் திறந்து எழுங்கள். கண் மூடியதும் பதற்றம் கூடுபவர்களும் இருக்கிறார்கள், முன்பு வன்முறைக்கு ஆளானவர்கள் குறிப்பாக. அவர்கள் இதைத் தனியே செய்யாமல் உளவியலாளர் துணையோடு செய்வதே பாதுகாப்பு. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கு அறிதுயில் ஆகாது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உறவில் வெல்வதற்காகத் தளர்கிறவர், ‘தளர்ந்துவிட்டேனா?’ என்று பார்க்கத் தொடங்குவார். பழைய பரீட்சை போய்ப் புதிய பரீட்சை வந்துவிடும். இன்னொன்று, கிளர்ச்சி என்பதும் உடல் ஓய்ந்து கிடக்கும் நிலையன்று. நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், சில தசைகள் இறுகத்தான் செய்யும். நெடுநாள் பயந்தவர்கள் அந்தப் படபடப்பையும் பயம் என்றே எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். தளர்வு கதவைத் திறப்பதற்கு. உள்ளே வந்தபின் நெஞ்சு வேகமாக அடித்தால் அடிக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்து செய்ய வேண்டியதற்கு மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த தொடுகைப் பயிற்சியே இன்றும் அடிப்படை. அதன் முதல் விதி வியப்பாக இருக்கும்: சில வாரங்களுக்கு உடலுறவு தடை. வாரம் இரண்டு முறை, இருபது முப்பது நிமிடம், ஒருவர் படுத்திருக்க மற்றவர் கை, முதுகு, தலை, பாதம் எனத் தொடுகிறார். மார்பும் பிறப்புறுப்பும் இப்போது கணக்கில் இல்லை. பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். தொடுபவர் மற்றவரை மகிழ்விக்க முயல வேண்டாம். தோலின் சூட்டையும் மென்மையையும் தமக்காக அறிந்தால் போதும். விறைப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும், எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை. தேர்வே ரத்தானபின் மதிப்பெண் போடுபவருக்கு என்ன வேலை? தொடுகை இனிதாகிய பின்தான் அடுத்த படி, அதன்பின் அதற்கடுத்தது. பேச வேண்டியதும் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். “மாமா, அங்க வேணாம், தோளாண்ட வை”, “இன்னிக்கு இது போதும்” என்று நீங்கள் சொல்லவும், அவர் முகம் வாடாமல் கையை எடுக்கவும் பழகினாலே பாதிச் சிகிச்சை முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் உடல் காவலை விடும்.

கூட்டுக் குடும்பத்தில் இதற்கு இடமேது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரியான கேள்வி. என்னிடம் வரும் தம்பதியரிடம் நான் முதலில் கேட்பவற்றில் ஒன்று, அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பது. பலர் சிரிப்பார்கள், சிலருக்கு உண்மையிலேயே இருக்காது, அல்லது இருந்தும் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று போடுவதில்லை. கதவு எப்போது திறக்குமோ என்று ஒரு காது வெளியே இருக்கும்வரை எந்தத் தளர்வும் பாதிவழிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளைப் பாட்டி வீட்டுக்கோ பூங்காவுக்கோ அனுப்பும் ஒரு மணி நேரம், வாரநாள் இரவு பதினொரு மணியைவிட எவ்வளவோ மேல். அடுத்த பிள்ளை பற்றி, “இன்னா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்கும் அத்தைமார்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. சில கணவர்கள் தாமே ஹிப்னாடிசம் கற்றுக்கொண்டு மனைவிக்குச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தளர்வுக்கான வாசகங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டலாம், நல்லதுதான். மற்றவருடைய விருப்பத்தை மாற்றும் யோசனைகளை அவர் கண் மூடியிருக்கும்போது ஊட்டக் கூடாது. சம்மதம் என்பது கண் திறந்து, முழு விழிப்பில், மறுக்கும் உரிமையோடு தரப்படுவது. அறிதுயிலில் ‘சரி’ என்று முனகுவது சம்மதமாகாது. மனைவியின் மறுப்பை ஒரு நோயாக்கி அதை நீக்கித் தரும்படி கேட்டு வருவோரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குள் நிகழும் பாலியல் கொடுமையும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அத்தகைய வீட்டில் தேவை பாதுகாப்பு, தளர்வுப் பயிற்சியல்ல.

யாரிடம் போவது? மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். அறிதுயில் அவர்கள் கையில் இருக்கும் பல கருவிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒன்றை மட்டும் கற்று, சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பவர் வேண்டாம். முதல் நாளே முழுப் பணம் கேட்பவர், துணைவர் உடனிருக்க அனுமதி மறுப்பவர், அமர்வில் உடலைத் தொடுபவர், முற்பிறவிக்கோ மறந்துபோன நினைவுக்கோ அழைத்துச் செல்வதாகச் சொல்பவர் எவரானாலும் எழுந்து வந்துவிடுங்கள். அறிதுயிலில் ‘மீளும்’ நினைவுகள் மெய்யென்று நம்பத் தக்கவை அல்ல, புதிதாகவே முளைத்துவிடக் கூடும். வேலூரில் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையமும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலில் ஒருவரிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு நான் சொல்வது சிறிய வேலைதான். இன்று இரவு கணவரிடம், அடுத்த ஒரு மாதத்துக்கு உடலுறவு வேண்டாம் என்று வேலூரில் ஒருவர் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். அவர் முகத்தில் வரும் நிம்மதியை நீங்களே பார்ப்பீர்கள். சனிக்கிழமை காலை அவர் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், கடையில் ஒரு தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் வாங்கி வரட்டும்.